பிரசங்க வேந்தனின் பயமும் பயிற்சியும்



வீட்டுக்கூட்டத்தில் திடீரென்று உங்கள் பெயரைச் சொல்லி, எழும்பிச் சாட்சி சொல்லுங்கள் என்று கூப்பிட்டதுண்டா? தொண்டை வறண்டுபோகும். முழங்கால் ஒன்றோடொன்று மோதும். வீட்டிலே யோசித்து வைத்ததெல்லாம் எங்கே போச்சுன்னே தெரியாது. நாலு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். திரும்பிப் போகிற வழியெல்லாம் ஒரே துக்கம். நமக்குப் பேச்சு வராது, அது வரம் பெற்றவர்களுக்குத்தான் என்று நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வோம்.

இன்னொரு வகையினரும் உண்டு. அவர்களுக்குப் பயமும் இல்லை, ஆயத்தமும் இல்லை. மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள். நாம் வாயைத் திறந்தால் போதும், மற்றதை ஆவியானவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணி, ஒரு மணி நேரம் சத்தம் போட்டுவிட்டு இறங்குவார்கள். கேட்ட ஜனங்கள் வீட்டுக்கு எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை!

இந்த இரண்டு வகையினரும் ஒரு மனுஷனுடைய ஜீவியத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர்தான் பிரசங்க வேந்தன் என்று உலகம் அழைக்கும் சார்லஸ் ஹேடன் ஸ்பர்ஜன். மைக் இல்லாத காலத்திலே 23,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தில் பேசினவர். ஆனால் அவர் பயந்தார் என்பதும், பயிற்சி எடுத்தார் என்பதும் நம்மில் அநேகருக்குத் தெரியாது.

எலியும் பாட்டும்

1834-ஆம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி இங்கிலாந்து தேசத்தில், எசெக்ஸ் பகுதியிலுள்ள கெல்வெடன் என்ற சிற்றூரில் ஸ்பர்ஜன் பிறந்தார். தகப்பனாரும் ஊழியக்காரர், தாத்தாவும் ஊழியக்காரர். சிறு பிராயத்தில் சில வருஷங்கள் ஸ்டாம்போர்ன் என்ற ஊரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். அங்கே பழைய புத்தகங்கள் நிறைந்த ஓர் இருட்டறை இருந்தது. ஜான் பனியன் எழுதிய மோட்சப் பிரயாணத்தை அந்த வீட்டிலேதான் முதன்முதலாகக் கையில் எடுத்தார். பிற்காலத்தில் அதை நூறு தடவைக்குக் குறையாமல் வாசித்தாராம்.

பாட்டியம்மா ஒரு காரியம் செய்தார்கள். ஐசக் வாட்ஸ் எழுதின பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்தால் ஒரு பென்னி காசு என்றார்கள். பையன் வேகமாய்ப் படித்துத் தள்ளினான். பாட்டியின் பணப்பை தாங்கவில்லை. காசைப் பாதியாக்கி, பிறகு அதிலும் பாதியாக்கினார்கள்! அந்தச் சமயம் பார்த்துத் தாத்தா, ஒரு டஜன் எலி பிடித்தால் ஒரு ஷில்லிங் என்று அறிவித்தார். பையன் பாட்டை விட்டுவிட்டு எலி பிடிக்கப் போய்விட்டான். வருமானம் அதிலேதான் அதிகம்!

ஆனால் எலிக்குக் கிடைத்த காசு செலவாகிப்போனது. மனப்பாடம் செய்த பாட்டுகளோ கடைசிவரைக்கும் அவருடைய பிரசங்கத்தில் வந்து உதவி செய்தன. பாத்திரத்தில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? மேடையிலே நிற்கும்போது வார்த்தை வரவில்லையே என்று அழுகிறவர்கள், உள்ளே என்ன போட்டு வைத்திருக்கிறோம் என்று முதலாவது பார்க்க வேண்டும்.

பேசத் தெரியாத ஒருவரின் பேச்சு

1850-ஆம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கோல்செஸ்டர் பட்டணத்தில் கடும் பனி. பாவ பாரத்தினால் தவித்துக்கொண்டிருந்த 15 வயது ஸ்பர்ஜன், போக நினைத்த ஆலயத்துக்குப் போகமுடியாமல், வழியிலிருந்த ஒரு சின்ன மெதடிஸ்டு ஆலயத்துக்குள் நுழைந்தார். உள்ளே பத்துப் பதினைந்து பேர்தான். பனியினால் போதகரும் வரவில்லை. மெலிந்த மனுஷர் ஒருவர், படிப்பில்லாதவர், பிரசங்க பீடத்தில் ஏறினார். ஏசாயா 45:22-ஐ வாசித்தார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு அதிகம் இல்லை. ஆகவே அந்த ஒரே வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். கர்த்தரை நோக்கிப் பார்க்கப் படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம், பார்த்தால் போதும் என்றார்.

பத்து நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துபோயிற்று. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? மாடியின் கீழே உட்கார்ந்திருந்த அந்தப் புது வாலிபனை நேருக்கு நேராய்ப் பார்த்து, நீ துக்கமாய் இருக்கிறாய், இயேசுவை நோக்கிப் பார் என்று அவனிடமே பேசினார். அந்த நிமிஷம் ஸ்பர்ஜனுடைய இருதயம் திறந்தது!

பிற்காலத்தில் ஆயிரமாயிரம் பேருக்குப் பேசினபோதும், கூட்டத்தைப் பார்த்து அல்ல, ஒரு ஆளைப் பார்த்துப் பேசுகிற அந்தப் பாடத்தை ஸ்பர்ஜன் மறக்கவேயில்லை.

மாட்டிக்கொண்ட வாலிபன்

அதே வருஷம் மே 3-ந் தேதி லார்க் நதியில் ஞானஸ்நானம் எடுத்தார். பின்பு கேம்பிரிட்ஜில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராய் இருந்துகொண்டு, ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுத்தார். அங்கே கிராம ஊழியத்தைக் கவனித்து வந்த பெரியவர் ஒருவர் தந்திரமாய் ஒரு காரியம் செய்தார். டெவர்ஷாம் கிராமத்துக்கு ஒரு வாலிபன் போகிறான், அவனுக்குப் பிரசங்கம் செய்து பழக்கமில்லை, துணைக்குப் போய்வா என்று ஸ்பர்ஜனை அனுப்பினார்.

இருவரும் நடந்தார்கள். வழியிலே ஸ்பர்ஜன், இன்றைக்கு உங்கள் பிரசங்கத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக என்றதும் மற்றவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார். தனக்குப் பிரசங்கம் செய்யவே தெரியாது, பேசப்போவது நீங்கள்தான் என்றார். மாட்டிக்கொண்டாயிற்று! திரும்பிப் போகவும் மனசில்லை. மிச்ச வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே, தான் நன்றாய் அறிந்த ஒரு வசனத்தை, 1 பேதுரு 2:7-ஐ மனதிலே புரட்டிக்கொண்டே நடந்தார். கூரை வீடு ஒன்றில் கூடியிருந்த சில விவசாயக் கூலிகளுக்கு முன்பாக 16 வயது ஸ்பர்ஜன் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். முடிந்ததும் ஒரு கிழவி எழும்பி, தம்பிக்கு என்ன வயது என்று கேட்டாளாம்!

1851-ல் வாட்டர்பீச் கிராமத்துச் சபை அவரை அழைத்தது. அதுவும் கூரை வேய்ந்த ஆலயம். ஸ்பர்ஜனுக்கு வயது 17. 1852-ல் வேதாகமக் கல்லூரியில் சேர ஏற்பாடாயிற்று. பார்க்க வேண்டிய பேராசிரியரும் ஸ்பர்ஜனும் ஒரே வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் வேலைக்காரப் பெண் இருவரையும் வேறு வேறு அறையில் உட்கார வைத்துவிட்டாள். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, பார்க்காமலே எழும்பிப் போனார்கள். அதோடு கல்லூரிப் படிப்பு போச்சு. அவர் எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்கவே இல்லை.

தூக்கம் வராத இராத்திரி

1853 நவம்பரில் லண்டன் பட்டணத்து நியூ பார்க் தெரு சபையிலிருந்து, ஒரு ஞாயிறு வந்து பேசும்படி கடிதம் வந்தது. பேர்பெற்ற பழைய சபை. 1,200 பேர் உட்காரலாம். ஆனால் ஜனங்கள் குறைந்து, வெறும் பெஞ்சுகள்தான் மிச்சம். தன்னை வேறு யாரோ என்று நினைத்து எழுதிவிட்டார்களோ என்றே ஸ்பர்ஜன் சந்தேகப்பட்டார்.

சனிக்கிழமை இரவு ஒரு விடுதியில் சின்ன அறை கொடுத்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்கள் லண்டனின் பெரிய பிரசங்கிகளைப்பற்றி அடுக்கடுக்காய்ச் சொல்லி, கிராமத்துப் பையனைக் கலங்கவைத்துவிட்டார்கள். இராமுழுவதும் தூக்கமில்லை. திரும்ப வாட்டர்பீச்சுக்கே ஓடிவிடலாமா என்று தோன்றியது. காலையில் பொருந்தாத உடையும், வெள்ளைப் புள்ளி போட்ட நீலக் கைக்குட்டையுமாய் மேடை ஏறினார். அன்று மாலை கூட்டத்தில் இருந்த சூசன்னா தாம்சன் என்ற பெண்ணுக்கு அந்தக் கைக்குட்டையைப் பார்த்துச் சிரிப்புதான் வந்ததாம். அந்தப் பெண்தான் 1856 ஜனவரியில் அவருக்கு மனைவியானார்!

ஆனால் வாயைத் திறந்தபோது ஜனங்கள் உடையை மறந்தார்கள். காலையில் கேட்டவர்கள் ஓடிப்போய் மற்றவர்களை அழைத்து வந்தார்கள். 1854-ல், 19 வயதில், அந்தச் சபையின் போதகரானார். சீக்கிரத்தில் உட்கார இடமில்லை.

இன்னொரு வேடிக்கை. கூட்டம் பெருகினபோது அந்தக் கட்டடத்தில் மூச்சு முட்டியது. மேலேயுள்ள ஜன்னல் கண்ணாடிகளை எடுத்துவிடுங்கள் என்று மூப்பர்களிடம் பலமுறை சொல்லிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. ஒரு நாள் பார்த்தால், கண்ணாடிகளெல்லாம் உடைந்து கிடக்கின்றன! உடைத்தவனைக் கண்டுபிடித்தால் ஐந்து பவுண்டு வெகுமதி தரலாம் என்று ஸ்பர்ஜனே யோசனை சொன்னார். உடைத்தது யார்? அவருடைய கைத்தடிதான்! காற்று இல்லாத அறையில் எவ்வளவு நல்ல பிரசங்கமும் தூங்கிப்போகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இருண்ட இரவு

இனி சொல்லப்போவது துக்கமான காரியம்.

1856-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி. இடம் போதாமல், லண்டனின் சரே கார்டன்ஸ் இசை மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். பத்தாயிரம் பேர் கொள்ளுகிற மண்டபம் நிரம்பி வழிந்தது. ஸ்பர்ஜனுக்கு வயது 22. வீட்டிலே பிறந்து ஒரே மாதமான இரட்டைக் குழந்தைகள். அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, யாரோ தீ, தீ என்று கத்தினார்கள். மாடி இடிகிறது என்று இன்னொரு சத்தம். தீயும் இல்லை, ஒன்றும் இடியவும் இல்லை. ஆனாலும் ஜனங்கள் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். மாடிப்படியில் மிதிபட்டு 7 பேர் மரித்தார்கள். 28 பேர் பலத்த காயமடைந்தார்கள்.

வாலிப ஊழியக்காரன் நொறுங்கிப்போனார். அவரைத் தூக்காத குறையாய் வெளியே கொண்டுபோனார்கள். பத்திரிகைகள் அவரைக் கிழித்தெறிந்தன. வேதாகமத்தைப் பார்த்தாலே கண்ணீர் வந்தது. புத்தி பேதலித்துவிடுமோ என்று நண்பர்கள் பயந்தார்கள். இனி இவர் மேடை ஏறுவாரா?

ஒரு நாள் நண்பர் ஒருவருடைய தோட்டத்தில் உலாவும்போது, பிலிப்பியர் 2:9 அவர் உள்ளத்தில் பிரகாசித்தது. என் பெயர் கெட்டால் என்ன, கிறிஸ்துவின் நாமம் உயர்ந்தால் போதாதா? அந்த எண்ணம் அவரைத் தூக்கி நிறுத்தியது. நவம்பர் 2-ந் தேதி, இரண்டே வாரத்தில், மறுபடியும் பிரசங்க பீடத்தில் நின்றார். அதே மாதம் 23-ந் தேதி, ஜனங்கள் மரித்த அதே மண்டபத்துக்கும் திரும்பிப்போனார்!

பயம் போய்விட்டதா? இல்லை பிரியமானவர்களே. பல ஆண்டுகள் கழித்தும் நெருக்கமான கூட்டத்தைப் பார்த்தால் அவர் உடல் நடுங்கினது உண்டு. ஆயுசெல்லாம் மனச்சோர்வு அவரை விட்டு நீங்கவில்லை. அதைப்பற்றித் தன் மாணவர்களுக்கு மறைக்காமல் ஒரு முழு விரிவுரையே கொடுத்தார். பயம் போன பிறகு அவர் பேசவில்லை. பயத்தோடேயே போய் நின்றார்.

அடுத்த வருஷமே பெரிய சோதனை. நமது இந்திய தேசத்தில் நடந்த சிப்பாய்க் கலகத்தினிமித்தம், 1857 அக்டோபர் 7-ந் தேதியை இங்கிலாந்தில் உபவாச நாளாக அறிவித்தார்கள். அன்று லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் ஸ்பர்ஜன் பேசினார். வந்தவர்கள் 23,654 பேர். ஓர் ஒலிபெருக்கியும் இல்லை! அவர் சும்மா போய் நிற்கவில்லை. முன்கூட்டியே வெறும் மாளிகைக்குச் சென்று, மேடையை எங்கே போட்டால் சத்தம் எட்டும் என்று யோவான் 1:29-ஐ உரக்கச் சொல்லிப் பார்த்தார். மேலே எங்கோ வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் இரட்சிப்படைந்தார் என்று பிற்பாடு சாட்சி வந்தது. பாருங்க, சத்தம் சோதித்த வேளையிலும் ஓர் ஆத்துமா! கூட்டம் முடிந்தபின்பு ஸ்பர்ஜன் புதன் இரவு படுத்தவர் வெள்ளிக்கிழமை காலையில்தான் எழுந்தாராம். அவ்வளவு பெலன் செலவாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்புகள்

தான் பெற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1856-ல் ஒரே ஒரு மாணவனோடு போதகர் கல்லூரியைத் தொடங்கினார். அவர் நாட்களிலேயே சுமார் 900 பேர் அங்கே பயிற்சி பெற்றார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவரே வகுப்பு எடுப்பார். அந்த விரிவுரைகள் 1875-லும் 1877-லும் புத்தகங்களாய் வந்தன. அவற்றில் அவர் கற்றுக்கொடுத்தவற்றின் சாரம் இதுதான்:

சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் பேசு. சொல்ல ஒன்றுமில்லாதவன்தான் நேரத்தை நீட்டுவான். நாற்பது நிமிஷம் போதும்.

வீட்டிலே பேசுகிற குரலிலேயே மேடையிலும் பேசு. மேடை ஏறினவுடனே புதுக் குரல் ஒன்றை மாட்டிக்கொள்ளாதே.

எப்போதும் கத்தாதே. ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போனால் முடிவில் எங்கே போவாய்? சில இடங்களில் மெதுவாய்ச் சொல், சில இடங்களில் கொஞ்சம் நிறுத்து. வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்காதே. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கட்டும்.

கதையும் உவமையும் வீட்டுக்கு ஜன்னல் மாதிரி. வெளிச்சம் வேண்டும்தான். ஆனால் ஜன்னல் மட்டுமே இருந்தால் அது வீடாகாது.

கையை ஆட்டுவது கேட்கிறவனுடைய கண்ணில் தனியாய்ப் படக்கூடாது. கோணல் மாணலாய்க் கையை வீசும் பிரசங்கிகளின் படங்களையே அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறார். பார்த்தால் சிரிப்பு வரும். அதில் நாமும் இருப்போம்!

தொண்டை தளர்ந்தால் மிளகாய் ஊறின காடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கலாம் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார்.

ஆயத்தமில்லாமல் பேசலாமா? இங்கேதான் கவனிக்க வேண்டும். திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து மாணவர்களை எழும்பிப் பேசவைத்துப் பழக்கினார். ஆனால் ஆயத்தமில்லாமல் போவதையே வழக்கமாக்கிக்கொள்வது தவறு என்று கண்டித்தார். நிரம்பின கிணற்றில்தான் எந்த நேரமும் இறைக்கலாம். நாள் முழுவதும் படிப்பும் ஜெபமும் உள்ளவனுக்கே திடீர்ப் பேச்சு வரும். ஆவியானவரை நம்புவதற்கும் சோம்பலாயிருப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

அவர் வழக்கத்தையும் கேளுங்கள். சனிக்கிழமை மாலையில் விருந்தாளிகளை அனுப்பிவிட்டு அறைக்குள் போவார். ஏற்ற வசனம் கிடைக்காமல் சில வேளை போராடுவார். மனைவி சூசன்னா பக்கத்தில் உட்கார்ந்து வியாக்கியானப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவார்கள். அவருடைய நூலகத்தில் சுமார் 12,000 புத்தகங்கள். ஆனால் மேடைக்கு எடுத்துப் போவதோ குறிப்பு எழுதின ஒரு சின்னத் தாள்தான். பேசும்போது சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை அதை அவரே திருத்துவார். ஒரு பென்னி விலையில் வாராவாரம் பிரசங்கம் வெளிவரும். தான் பேசினதை வாரந்தோறும் காகிதத்தில் பார்த்துத் திருத்துகிறவன் முன்னேறாமல் இருப்பானா? நம் கையிலே இன்றைக்குப் போன் இருக்கிறது. நாம் பேசினதை ஒரு தடவையாவது பதிவு செய்து கேட்டிருக்கிறோமா?

வார்த்தைக்குக் கொடுத்த விலை

1861-ல் மெட்ரோபாலிட்டன் டேபர்நேக்கிள் என்ற பெரிய ஆலயம் திறக்கப்பட்டது. அங்கே ஐயாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். ஆனால் அவர் ஜனங்களுக்கு இனிப்பானதை மட்டும் பேசவில்லை. 1860-ல் அமெரிக்க அடிமை வியாபாரக் கொடுமையைத் துணிந்து கண்டித்தார். தென் மாகாணங்களில் அவருடைய புத்தகங்களை எரித்தார்கள். அங்கே விற்பனை விழுந்துபோயிற்று. அவர் வார்த்தையை மாற்றவில்லை. நன்றாய்ப் பேசுவது பெரிதல்ல, நஷ்டம் வந்தாலும் சத்தியத்தைப் பேசுவதே பெரிது.

கீல்வாதமும் சிறுநீரக வியாதியும் அவரை வாட்டின. 1891 ஜூன் 7-ந் தேதி அந்த ஆலயத்தில் கடைசியாய்ப் பேசினார். 1892 ஜனவரி 31-ந் தேதி, பிரான்ஸ் தேசத்து மென்டோன் பட்டணத்தில், 57-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய பிரசங்கங்கள் 1917 வரைக்கும் வெளிவந்தன. மொத்தம் 63 தொகுதிகள்!

வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, அடுத்த வாரம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? முழங்கால் நடுங்கட்டும், பரவாயில்லை. லண்டன் விடுதியில் தூங்காமல் கிடந்தவருக்கும் நடுங்கினது. இன்றைக்கே ஒரு வசனத்தை எடுங்கள். அதை நன்றாய் அறிந்துகொள்ளுங்கள். சின்னத் தாளில் நாலு வரி எழுதுங்கள். அறையைப் பூட்டிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஜெபியுங்கள். பிறகு எழும்பி நின்று, கடைசி வரிசையில் துக்கமாய் உட்கார்ந்திருக்கிற அந்த ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள்.

பனி நாளிலே பெயர் தெரியாத ஓர் எளிய மனுஷர் பத்து நிமிஷம் அப்படித்தான் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஸ்பர்ஜன்! உங்கள் எதிரே உட்காரப்போவது யாரோ, கர்த்தர் அறிவார்.